குடையும் இனாம்

கேள்வி: "எல்லாவற்றையும் சந்தையின் கையில் விட்டால் நாடு தானாக முன்னேறும்" என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். சரிதானா?
– வாழை விவசாயி, ஏரல்

பதில்: பாதிக்கு மேல் சரி, அண்ணாச்சி. தார் ஏலத்தில் நாலு வியாபாரி நின்றால் நீங்கள் எதிர்பார்த்த விலைக்குப் பக்கத்திலாவது வரும். ஒருவரே நின்றால் அவர் தாரைத் தட்டிப் பார்த்து, "காய் திரட்சி போதாது" என்பார். போட்டிதான் விவசாயியின் பலம்.

அந்தப் போட்டியைக் காப்பது யார் என்பதில்தான் உங்கள் மகனோடு எனக்கு வழக்கு. பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடியையே பாருங்கள். 1906இல் வ.உ.சி. 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு 25 ரூபாய் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கொழும்புக்குக் கப்பல் ஓட்டிவந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர் எட்டணா என்றார். அவர்கள் இலவசம் என்றார்கள், கூடவே ஒரு குடையும் இனாம்! போட்டிக்காரன் மூழ்கியபின் குடைக்காசையும் சேர்த்து டிக்கெட்டில் வசூலிக்கலாம் என்பதே கணக்கு. ஆட்சியும் அவர்கள் பக்கம். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனியை மூடினார்கள். இதற்குச் சந்தை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆதிக்கம் உள்ள கம்பெனி இப்படி அடிமாட்டு விலையில் விற்றுப் போட்டியை ஒழிப்பதைத் தடுக்க 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. அரசு வியாபாரம் செய்ய வேண்டாம்; இந்தக் காவலை விடவும் வேண்டாம்.

அடுத்த ஏலத்துக்கு மகனையும் கூட்டிப் போங்கள். விலை கேட்பதற்கு முன், எத்தனை வியாபாரி வந்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள்.