முக்கடல் கரையில் மூன்று பயிற்சி

கேள்வி: அக்டோபரில் கோவா அயர்ன்மேன் 70.3 என்ற நீச்சல், சைக்கிள், ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் மே மாதம் பத்து நாள் குடும்பத்தோடு கன்னியாகுமரிப் பக்கம் சுற்றுலா. ஐந்து மாதமாகச் சேர்த்த உடம்பு பத்து நாளில் கரைந்துவிடாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கடல் தண்ணீர் பட்டதும் கரைவதற்கு உடம்பு என்ன உப்பு மூட்டையா? பயத்தை முதலில் அளந்து பார்த்துவிடுவோம். 1984-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் காயல் குழுவினர், நெடுந்தூரப் பயிற்சியில் ஊறிய ஏழு பேரைப் பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லி 84 நாள் வரை கவனித்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, அதாவது நீங்கள் கடிகாரத்தில் தினமும் பார்த்துக் கவலைப்படும் அந்த ‘விஓ2 மேக்ஸ்’, முதல் 21 நாளில் 7 சதவீதம் இறங்கியது. 56 நாளில் 16 சதவீதம் இறங்கி அங்கே நின்றுகொண்டது. இது ஒரு அடிகூட ஓடாமல் இருந்தவர்களின் கணக்கு. முதலில் குறைவதும் தசை அல்ல, ரத்தத்தின் அளவு. ரத்தம் குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளுவதும் குறைகிறது. பயிற்சியை மறுபடி தொடங்கினால் இந்தக் குறை சீக்கிரமே நிரம்பிவிடும். வெயிலிலும் புழுக்கத்திலும் வியர்க்கப் பயிற்சி செய்பவருக்கு ரத்தநீர் ஒரு வாரத்துக்குள்ளேயே கூடத் தொடங்குகிறது என்பதும் உடலியல் அறிந்த செய்தி. குமரிக் கடற்கரையின் மே மாதப் புழுக்கம் இந்த வகையில் உங்கள் பக்கம் நிற்கிறது.

சும்மாவே இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் கேள்வி. அதற்கு ராபர்ட் ஹிக்சன் 1980-களில் அடுத்தடுத்துச் செய்த மூன்று ஆய்வுகளைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை. பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தபின், ஒரு ஆய்வில் நாட்களை நான்காகவும் இரண்டாகவும் குறைத்தார். இன்னொன்றில் நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் வெட்டினார். இரண்டிலும் 15 வாரம் கழித்தும் விஓ2 மேக்ஸ் அப்படியே இருந்தது. மூன்றாவதில் நாளையும் நேரத்தையும் தொடாமல் கடுமையை மட்டும் குறைத்தார். அங்கேதான் சரிந்தது. ஆகவே சுற்றுலாவில் நாளைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், மூச்சு வாங்குகிற அந்தக் கடுமையை மட்டும் விடாதீர்கள். மற்றவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். தினமும் ஒரு மணி நேரம் ஊர் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடிவிட்டு, பயிற்சியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சுற்றுலாவுக்கும் மூன்று ஜோடி ஷூவோடுதான் கிளம்புகிறார். பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும், அவருக்கு ரேஸ் வேண்டும். நான் யார் பக்கம் பேச? (வாசகி, மதுரை)

பதில்: பிள்ளைகள் பக்கம்தான் பேசுங்கள். அறிவியலும் உங்களோடு வந்து நிற்கும். ஹிக்சன் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி, முக்கால் மணி போதும். கன்னியாகுமரியில் மே மாதம் சூரியன் ஆறு மணியை ஒட்டி எழுகிறது. அவர் ஐந்து மணிக்கு இறங்கி முக்கால் மணியில் முடித்துவிட்டு, வியர்வையோடு வந்து பிள்ளையைத் தோளில் தூக்கிச் சூரியனைக் காட்டலாம். அதற்குப் பிறகு பத்மநாபபுரம் அரண்மனைக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் அவர் உங்களுக்குச் சொந்தம்.

அந்த முக்கால் மணியில் என்ன செய்வது என்று அவர் கேட்டால், சொத்தவிளைக் கடற்கரை மணலைக் காட்டுங்கள். இளகிய மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கால் ஊன்றும்போது நாம் கொடுக்கும் விசையில் ஒரு பங்கு மணலைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. உடம்பை முன்னே எறிய மிச்சம் இருப்பது கொஞ்சம். அலை வந்து நனைத்துப்போன ஈரமணலில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, மேலே ஏறி, கால் புதையும் மணலில் ஒரு நிமிடம் முழு வேகம், ஒரு நிமிடம் நடை என்று எட்டு முறை செய்தால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. கெண்டைக்காலிலோ குதிகால் தசைநாணிலோ ஏற்கெனவே வலி இருப்பவர் மணலுக்குப் போகவேண்டாம். பழகாத காலை மணல் முதல் நாளே பிடித்து இழுத்துவிடும்.

கேள்வி: பெங்களூரில் வேலை. ஆடி மாதம் லீவுக்கு நாகர்கோவில் வருவேன். சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வரட்டுமா? எங்கள் ஊர் காற்றில் மிதித்தால் ஊட்டி ஏறிய பலன் கிடைக்கும் என்கிறான் நண்பன். (வாசகர், பெங்களூர்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. காற்றின் தடை, காற்று நம்மேல் மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றே இல்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அதே 20 கி.மீ. வேகத்தை வைத்திருக்க, காற்றை வெல்வதற்கு மட்டும் நான்கு மடங்கு உழைக்கவேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வேகம் இதைவிடப் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இருக்கும் இடுக்கு வழியே காற்று நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். மலை இல்லாமலே மலையேற்றப் பயிற்சி என்று அதைச் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் அந்தக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாகக் கிளம்பினால் அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். கால் லேசாக இருக்கும், காவல்கிணறு வந்தது தெரியாது. திரும்பும்போதுதான் முழுக் கடனையும் வட்டியோடு கேட்கும். ஆகவே கிலோமீட்டரைப் பார்த்துத் திரும்பாதீர்கள். 40 நிமிடம் ஓட்டத்தான் நேரம் இருக்கிறது என்றால் பதினைந்தாவது நிமிடத்திலேயே திரும்பிவிடுங்கள். பக்கவாட்டில் காற்று அடிக்கிற நாளில், லாரி கடந்து போகும் நொடியில் காற்று அறுந்து மறுபடி அறையும். ஆழமான ரிம் உள்ள சக்கரத்தோடு அந்த நான்குவழிச் சாலையில் இருப்பது உயிரைப் பணயம் வைப்பது. நிதானமாக மிதிக்கவேண்டிய நாளுக்கு இருக்கவே இருக்கிறது சானல் (பாசனக் கால்வாய்) கரை. சைக்கிளை ரயிலில் ஏற்றுவது பெரும்பாடு என்று தோன்றினால் விட்டுவிட்டே வாருங்கள். கொட்டாரம் பக்கம் மருந்துவாழ்மலையில் விடியற்காலை நிற்காமல் ஏறினால் இதயத்துக்கு அதே வேலை. சைக்கிளா மலையா என்று இதயம் கேட்பதில்லை. தொடைக்குத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் பத்து நாளில் மறக்காது.

கேள்வி: 13 நிமிட ஆய்வை எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். அதில் இருந்தவர்கள் பத்து வாரப் பயிற்சிக்காரர்கள். 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதன்பின் 21 கி.மீ. ஓடவேண்டியவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? (வாசகர், சென்னை)

பதில்: கேட்கவேண்டிய கேள்வி. ஹிக்சனே இதற்குப் பாதிப் பதில் வைத்திருக்கிறார். 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு விஓ2 மேக்ஸ் நிலைத்தது, ஆனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி சுமார் 10 சதவீதம் குறைந்தது. அதாவது எஞ்சின் அப்படியே இருந்தது, டீசல் டாங்க் கொஞ்சம் சுருங்கியது. உங்கள் போட்டிக்கு டாங்கும் முக்கியம். இருந்தாலும் அந்தச் சுருக்கம் 15 வாரத்தில் நேர்ந்தது, நாம் பேசுவது பத்து நாளைப் பற்றி. அதோடு 2007-ல் லோரன் போஸ்கே குழுவினர், போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கடுமையை விடாமல், பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை இரண்டு வாரம் குறைத்தவர்கள்தான் அதிகப் பலன் கண்டார்கள் என்பது முடிவு. பல மாதம் பயிற்சி எடுத்தவரின் வேகம் அந்தக் குறைப்பினால் கெடவில்லை, கூடியது. போட்டிக்கு முன் உலகமே விரும்பிச் செய்யும் ஒன்றைச் சுற்றுலாவில் செய்ய மட்டும் ஏன் நடுங்கவேண்டும்?

உங்கள் ஆட்சேபம் முழுசாகச் செல்லும் இடம் ஒன்று உண்டு. போட்டிக்கு ஐந்தாறு வாரமே இருக்கிறது, நீண்ட ஓட்டமும் நீண்ட சைக்கிளும் உச்சத்துக்கு வரவேண்டிய நேரம் என்றால், சுற்றுலாவை மாற்றி வையுங்கள், அல்லது போட்டியை. இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தால் இரண்டும் கெடும். மாற்றவே முடியாது என்றால், பத்து நாளில் ஒரு காலையை மட்டும் வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம் வழியாகக் குளச்சல் வரை மேற்குக் கடற்கரைச் சாலையில் போய்வாருங்கள். டாங்குக்கு அது போதும்.

கேள்வி: ரசவடை, ஏத்தன்பழ பஜ்ஜி, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். என் டயட் என்ன ஆகும்? (வாசகர், திருச்சி)

பதில்: கிழங்கும் மீனும் மாவுச்சத்தும் புரதமும். நெடுந்தூரக்காரருக்கு அதைவிட நல்ல சாப்பாட்டை எந்த டப்பா தரும்? சைக்கிள் சட்டைப் பையில் நான்கு மட்டிப்பழத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், இரண்டு வாயில் ஒன்று முடியும். பனங்காலத்தில் விடியற்காலை அக்கானி (பதநீர்) கிடைத்தால் ஒரு கோப்பை குடியுங்கள். பஜ்ஜியை மட்டும் ஓடி முடித்தபின் சாப்பிடுங்கள், ஓடுவதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: விவேகானந்தர் 1892-ல் நீந்தியே பாறைக்குப் போனார். நான் நீச்சல்குளத்தில் நிற்காமல் 2 கி.மீ. நீந்துகிறவன். முக்கடலும் கூடும் இடத்துக்கு வந்துவிட்டு நான் கடலில் நீந்தாமல் போவதா? (வாசகர், சேலம்)

பதில்: போவதுதான் சரி. இந்த ஒரு பதிலில் மட்டும் நான் இறங்கிவரமாட்டேன். பாறைக்குப் போகிற பூம்புகார் கப்பல் கழகப் படகுகள், கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்தப்படுகின்றன. அந்த நீரை நாளெல்லாம் கடக்கிறவர்களே இன்று வேண்டாம் என்று கயிற்றைக் கட்டிவிடும் கடல் அது. குளத்தில் 2 கி.மீ. நீந்துவது உங்கள் மூச்சையும் தோளையும் பற்றிச் சொல்லும். அடியில் ஓடும் நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கோவா போட்டியில் கடல் நீச்சலுக்குப் பக்கத்திலேயே மீட்புப் படகுகள் நிற்கும். இங்கே உங்களுக்குப் பக்கத்தில் நிற்பது துண்டும் செருப்பும் மட்டும்.

இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயல் தள்ளிவிடும் நீண்ட அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். உள்ளூரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்திருக்கும். கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். கோடையின் கடைசி மாதங்கள் அதற்குரிய காலம், பள்ளி லீவும் அதே காலம். 2024 மே 6-ஆம் தேதி ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. படித்தவர்கள், இளைஞர்கள், திடகாத்திரமானவர்கள். அலைக்கு அது தெரியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அலை வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நிறம் கறுத்து, அமைதியாகத் தெரியும். நீந்தத் தெரிந்தவர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். உள்ளே ஏறிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அதுதான். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போவார், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வருவார்.

அப்படியானால் சுசீந்திரம், தேரூர் குளங்களில் நீந்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவை 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய பறவைக் குளங்கள், அவற்றைப் பறவைக்கு விட்டுவிடுங்கள். பத்து நாள் நீச்சல் இல்லாவிட்டால் தண்ணீரின் பிடி கொஞ்சம் தளரும். ஊருக்குத் திரும்பி நாலைந்து முறை குளத்தில் இறங்கினால் கைக்கு வந்துவிடும். அதுவரை விடுதி அறையின் ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, குனிந்து நின்று, முழங்கையை உயர்த்தி, பத்து நிமிடம் தண்ணீரை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தால் தோள் மறக்காது.

கடலில் கால் நனைக்க ஆசைப்பட்டாலும், முதலில் கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவரிடம் “இன்னைக்குக் கடல் எப்படி அண்ணாச்சி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மணலுக்கே திரும்பிவிடுங்கள்.