தானே கழன்று தானே உட்காரும் தோள்

கே: என் மகனுக்கு நாலு முறை தோள் கழன்றுவிட்டது. இப்போதெல்லாம் ஒரு உதறு உதறி அவனே உள்ளே தள்ளிக்கொள்கிறான். 'பழகிடுச்சும்மா' என்கிறானே?
(வாசகி, மாட்டுங்கா)

ப: வாசல் பெரிதாகிவிட்டது அம்மா, அதைத்தான் பழகிவிட்டது என்கிறான். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோள்மூட்டோ காபி சாசரில் வைத்த எலுமிச்சம்பழம். உருண்டுவிடாமல் காப்பது சாசரைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு விளிம்பு. முதல் தடவை கழலும்போதே பெரும்பாலும் முன்பக்கம் அது பிய்ந்துவிடும். அப்புறம் கழலக் கழல சாசரின் எலும்பு ஓரமும் தேயும். சுலபமாக உள்ளே போவது சுலபமாக வெளியே வரும். ஐந்தாவதுக்குக் காத்திருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கே: புத்தூர் கட்டு?
(தாராவி)

ப: கட்டு கையை அசையாமல் வைக்கும். பிய்ந்த விளிம்பைத் தைக்காது.

கே: ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

ப: பெரும்பாலும் இரண்டு மூன்று சிறு துளைகள், ஒன்றில் கேமரா. எலும்பில் குட்டி ஆணி போல 'ஆங்கர்' பதித்து, அதன் நூலால் விளிம்பை இழுத்துத் தைப்பார்கள். 1923இல் இந்தக் கிழிசலை விவரித்த லண்டன் டாக்டர் பாங்கார்ட் பெயரில்தான் இந்த ஆபரேஷன். எலும்பு ரொம்பத் தேய்ந்திருந்தால் நூலை நம்ப மாட்டார்கள். பக்கத்து எலும்பு நுனியைத் தசைநாணோடு வெட்டி, முன்னால் ஸ்க்ரூ போட்டு அணை கட்டுவார்கள். இது பிரான்சின் டாக்டர் லாட்டர்ஜே 1954இல் விவரித்த முறை. உங்களுக்கு எது என்று எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் சொல்லும். ஏற்கெனவே செய்துகொண்ட மைத்துனர் சொல்ல முடியாது.

கே: தோள் ஆபரேஷனுக்குப் பின் கிரிக்கெட் வீரர் ஸ்ரேயஸ் ஐயர் எத்தனை நாளில் திரும்ப ஆடினார்?
(செம்பூர்)

ப: நம்ம மாட்டுங்கா டான் பாஸ்கோவிலும் போதார் கல்லூரியிலும் படித்தவர். 2021 மார்ச் 23, புனே, இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. பந்தைத் தடுக்கப் பாய்ந்து விழுந்ததில் இடது தோள் பாதி நழுவியது. ஏப்ரல் 8 ஆபரேஷன். மறுபடி மட்டை பிடித்து ஐ.பி.எல்.லில் இறங்கியது செப்டம்பரில். அதற்குள் டெல்லி கேப்டன் பதவி ரிஷப் பந்த்திடம் போய், இவர் திரும்பியபோதும் அங்கேயே இருந்தது. நவம்பரில் கான்பூரில் முதல் டெஸ்ட், 105 ரன். அந்தச் சதத்துக்கு ஹைலைட்ஸ் இருக்கிறது. நடுவில் கழிந்த ஐந்து மாதத்துக்குக் கிடையாது.

கே: எனக்கு ஆபீஸ் வேலைதான். ஆபரேஷனுக்குப் பின் லோக்கல் ரயிலில் எப்போது போகலாம்?

ப: உட்கார இடம் கிடைத்தால் சீக்கிரமே. (கடைசியாக எப்போது கிடைத்தது?) வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் கை ஸ்லிங்கில். பிறகு பிசியோ சொல்கிறபடி. பந்து எறிய, எடை தூக்க ஐந்தாறு மாதம்கூட ஆகலாம். வலி முதலில் போய்விடும், தைத்த இடம் ஒட்ட இன்னும் நாளாகும். ஆகவே வலியில்லாத இரண்டாவது மாதத்தில்தான் வீரம் பொங்கும். ரயிலில் கையைத் தூக்கி, வெளிப்பக்கம் திருப்பி மேல் கைப்பிடியில் தொங்குகிறோமே, தோள் முன்பக்கம் கழல அதைவிடத் தோதான நிலை இல்லை. தாதரில் முதுகில் விழும் தள்ளு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். டாக்டர் சரி என்னும்வரை பதினொரு மணி வண்டியில் போங்கள், மேனேஜரிடம் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள்.