தலைகீழாய் நின்ற ராஷி

நான் வாங்கிய முதல் ராஷியை மூன்று மாதம் அலமாரியில் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தேன். முதுகில் தங்க எழுத்து இருந்தது. நேராக இருந்தாலும் எனக்குப் படிக்க வராது, கவிழ்ந்திருந்தாலும் வராது என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. லண்டன் ஹெண்டனில் எங்களுக்கு அடுத்த வீட்டு யூதப் பெரியவர், வீடு மாறி வந்த தபாலைக் கொடுக்க வந்தவர், ஹாலை எட்டிப் பார்த்தார். நேரே அலமாரிக்குப் போனார். புத்தகத்தை எடுத்து நிமிர்த்தினார், முத்தமிட்டார், திரும்ப வைத்தார். அப்புறம்தான் எனக்குக் காலை வணக்கம்.

"உங்களையும் யாராவது இப்படி நிமிர்த்தி வெச்சா தேவலை" என்றாள் என் மனைவி. நல்லவேளை, தமிழில்.

இந்தப் பைத்தியம் ஓய்வுபெற்ற பிறகு பிடித்தது. என் வயதுக்காரர்கள் சர்க்கரை, முழங்கால் வலி என்று கௌரவமாகக் காலம் தள்ளுகிறார்கள். நானோ ஒரு கண்காட்சியில் பழைய எபிரேயப் பக்கம் ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன். நடுவில் கைக்குட்டை அளவு மூலம். அதைச் சுற்றி உரை, அந்த உரைமேல் இன்னோர் உரை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைச் சுற்றி மாமன்மார் நிற்பதைப்போல மூலத்தின் முகமே தெரியவில்லை. பரிமேலழகரைக் கேட்காமல் குறளைத் தொடாத வாத்தியாரிடம் படித்தவன் நான். மயங்காமல் என்ன செய்வேன்?

ராஷி என்பது ரப்பி ஷ்லோமோ யிட்ஸ்ஹாக்கி என்ற பெயரின் முதலெழுத்துகள். பிரான்சின் ட்ருவா நகரத்துக்காரர், 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர். தேதி போட்டு அச்சான எபிரேய நூல்களில் நமக்குத் தெரிந்த முதலாவது, யூத வேதமான தோராவுக்கு அவர் எழுதிய உரைதான். 1475-இல், இத்தாலியின் ரெஜியோ டி கலாப்ரியாவில் ஆபிரகாம் பென் கார்டன் அச்சிட்டது. அதிலும் உரை மட்டும்தான், மூலம் கிடையாது! மிஞ்சியிருப்பது ஒரே பிரதி, அது பார்மா நகர நூலகத்தில் இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான நம் தம்பிரான் வணக்கமும் இப்படித்தான் ஒற்றைப் பிரதியாக ஹார்வர்டில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் மனைவியிடம் உணர்ச்சிபொங்கச் சொன்னேன்.

"அப்ப அது விலைக்குக் கிடைக்காதுல்ல?"

"கிடைக்கவே கிடைக்காது."

"அப்பாடா."

உரை அச்சாகும் வளைவான எழுத்துக்கு 'ராஷி எழுத்து' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், ராஷி அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அது ஸ்பெயின் யூதர்களின் கையெழுத்து வடிவம். மூலம் எது, உரை எது என்று பிரித்துக் காட்ட அச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டது. ராஷியே எழுதாத எழுத்து எனக்குப் படிக்க வராததில் என்ன அவமானம் என்று தேற்றிக்கொண்டேன்.

ஆனால் முகப்புத்தாளையாவது படிக்க வேண்டாமா? அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டியதில் கொட்டை எழுத்தில் 'ஆம்ஸ்டர்டாம்' என்று வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் எபிரேய அச்சுக்குப் பெயர்போன ஊர். 350 பவுண்டு கொடுத்த கை சிலிர்த்தது. அடுத்து ஆண்டு. அதை எண்ணாகப் போடமாட்டார்கள். ஒரு வேத வாக்கியத்தைப் போட்டுச் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியிருப்பார்கள். நம் க, உ, ங போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். பெரிய எழுத்துகளைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் கணக்கில் ஆண்டு வரும். நான் சின்ன எழுத்துகளையும் விடாமல் கூட்டினேன். கி.பி. 3100-ஐத் தாண்டியது. என் அபூர்வப் பதிப்பு இன்னும் அச்சாகவே இல்லை.

பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார். 'ஆம்ஸ்டர்டாம்' என்ற கொட்டை எழுத்துக்கு மேலே எறும்பு சைஸில் ஒரு சொல் இருந்ததாம்: 'எழுத்துகளில்'. அதாவது ஆம்ஸ்டர்டாம் அச்செழுத்தில் போட்டது. அச்சான ஊர் ஜெர்மனியின் ஃபூர்த், காலம் 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதி. அந்நாளில் பல ஊர் அச்சகங்கள் கையாண்ட உத்தி என்றார். எழும்பூரில் 'திருநெல்வேலி' அல்வா வாங்கி ஏமாந்த பரம்பரை நான். இது புதிதா என்ன?

மனைவியிடம் தோற்கக் கூடாதென்று எபிரேய நூல் சேகரிப்பாளர் ஜாக் லன்ஸரை இழுத்தேன். வெனிஸில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர் 1520-ஐ ஒட்டிய வருடங்களில் அச்சிட்ட முழு தால்முதை, யூதச் சட்ட விவாதங்களின் அந்தப் பெருந்தொகுப்பை, லன்ஸர் 1956-இல் இதே லண்டனில் ஒரு கண்காட்சியில் பார்த்தார். அது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் சொத்து. விடவில்லை மனுஷர். அபேக்குரிய 900 ஆண்டுப் பழைய சாசனப் படி ஒன்றை விலைக்கு வாங்கிக் கொடுத்து 1980-இல் தால்முதைப் பெற்றார். 2015-இல் அது 93 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

"அவருக்கு என்ன தொழில்?"

"வைர வியாபாரம்."

"உங்களுக்கு?"

பஸ் டிப்போவில் கணக்கெழுதியவன் இதற்கு என்ன சொல்வான்.

அடுத்து வாங்கியது 1540-களின் வெனிஸ் உரைநூல் ஒன்றின் ஒற்றைத் தாள். ஆறேழு வரிகள்மேல் கறுப்பு மை. "யாரு மை கொட்டினது? விலை குறைச்சுக் கேட்டீங்களா?" என்றாள். கொட்டியதல்ல, திருச்சபைத் தணிக்கைக்காரர் அடித்தது. அடிப்பதற்கான கூலியும் புத்தகத்துக்காரர் தலையில்தான். அடித்ததோடு விட்டார்கள் என்றால் அது தப்பிய புத்தகம். வெனிஸில் இரண்டு அச்சகக்காரர்கள் போட்டுக்கொண்ட சண்டை ரோம்வரை போய், 1553-இல் யூதப் புத்தாண்டு நாளாகப் பார்த்துத் தால்முதைக் கம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் கொளுத்தினார்கள். தாளைச் சட்டம் போட்டு மாட்டியபின் ஹாலில் சத்தமாகப் பேசக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள்.

போன அக்டோபரில் பெரியவர் மறுபடி வந்தார். எங்கள் பாத்திரத்தில் எதுவும் சாப்பிடமாட்டார், உரிக்காத வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொள்வார். "எங்க ஆச்சியோட ஆசாரத்துக்கு ஒரு படி மேல" என்று மனைவிக்கு அவர்மேல் தனி மரியாதை. ஃபூர்த் ராஷியைப் பிரித்தவர், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். கட்டைவிரலை ஆட்டி யாரோடோ வாதாடினார். ஒன்றரை மணி நேரம். பிறகு என்னைப் பார்த்து, "இந்த இடத்தில் ராஷிக்கு என்ன சிக்கல் தெரிகிறதா?" என்றார்.

"இந்தப் பக்கத்தில் பதினாலு புழு ஓட்டை இருக்கிறது" என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.

இந்த வாரத் தோரா வாசிப்பை இதில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போனார். அப்போது ஆதியாகமம். இப்போது ஜூன், எண்ணாகமம் நடக்கிறதாம். கேட்கலாமென்று இரண்டு முறை வாசல்வரை போனேன். ஜன்னல் வழியே அந்த ராகம் கேட்டது, திரும்பிவிட்டேன்.

அலமாரியில் காலியான இடத்தில் மனைவி முறுக்கு டப்பாவை வைத்திருக்கிறாள். நேராகத்தான்.