கிளவுஸ் முட்டும் நட்பு

"இது டீம் இல்லைங்க, குடும்பம்" என்று ஐபிஎல் கமெண்டரியில் இன்னொரு முறை யாராவது சொன்னால் டிவியின் வால்யூமை அடியோடு குறைத்துவிடுவது என்று நேற்றிரவு முடிவாயிற்று. மெகா ஏலம் வந்தால் பெரும்பாலோரைக் கைகழுவிவிட்டு, புதிதாக ஆட்களை விலைபேசி எடுக்கும் குடும்பம். போகட்டும். சக ஆட்டக்காரர்களுக்குள் நட்பும் ஆதரவும் எவ்வளவு முக்கியம் என்பதுதான் இங்கே பேச்சு. அதற்கு வருமுன் இந்த கிளவுஸ் சங்கதியைத் தீர்த்தாக வேண்டும்.

ஃபோர் அடித்தால் பிட்ச் நடுவில் வந்து கிளவுஸை முட்டிக்கொள்கிறார்கள். சரி, நல்ல ஷாட். ஒரு ரன் எடுத்தாலும் முட்டுகிறார்கள். பந்தைத் தொடாமல் விட்டால், விட்டதற்கு ஒரு முட்டு. எட்ஜ் வாங்கி கீப்பர் தலைக்கு மேல் பறந்தால், பிழைத்ததற்கு ஒன்று. ஓவர் முடிந்ததும் பொதுக்குழு கூடுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, வாயைக் கிளவுஸால் மறைத்து நீண்ட ஆலோசனை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதற்கு அடையாளமாக மறுபடி முட்டு. அடுத்த பந்திலேயே ஒருவர் ரன்-அவுட். 'யெஸ்' சொல்வது யார், 'நோ' சொல்வது யார் என்பது மட்டும் அஜெண்டாவில் இல்லை போலும். ஓவர்களுக்கு இடையே 60 நொடிதான் என்று சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களுக்கு 2024இல் ஐசிசி கடிகாரத்தை நிரந்தரமாக்கியது. அதுவும் பந்துவீசும் அணியின் தலையில். முட்டுகிறவர்களைக் கேட்க நாதியில்லை.

இவ்வளவு பாசம் இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா? கால்பந்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆண்டி கோலும் டெடி ஷெரிங்கமும் வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். அந்த அணிதான் 1999இல் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் அள்ளியது. பேச்சு நின்றது, பாஸ் நிற்கவில்லை. கிரிக்கெட்டிலும் உண்டு. 1986 சேப்பாக்கம் டெஸ்டில் வெயில் தாங்காமல் பிட்ச் ஓரத்தில் வாந்தியெடுத்த ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ், முடியவில்லை, போகிறேன் என்றார். எதிர்முனையிலிருந்த ஆலன் பார்டர் முதுகைத் தடவவில்லை. போ, தெம்புள்ள குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச்சொல்கிறேன் என்று குத்திக் காட்டினார். விக்டோரியாக்காரர் ஜோன்ஸ் ரோஷத்தில் நின்று 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஆட்டம் 'டை'. இன்றைக்கு என்றால் பார்டர்மேல் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்திருக்கும்.

"அப்படியானால் 2021 சிட்னி டெஸ்ட்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். தொடைத்தசை பிடித்து ஓட முடியாத இந்தியாவின் விஹாரி. காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாத அஸ்வின். 161 பந்தில் ஒருவர் 23, 128 பந்தில் மற்றவர் 39. இருவரும் அவுட் ஆகாமல் டெஸ்டை டிரா செய்தார்கள். ஓவருக்கு ஓவர் பேசிக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒவ்வொரு பந்தையும் உடம்பில் வாங்கிக்கொண்டு மற்றவரை நம்பி நின்ற வேலை இருந்தது. ஆதரவு என்பது அந்த வேலை. பந்து ஸ்டம்பைத் தாண்டி ஓடாமல் பின்னால் வந்து பேக்-அப் நிற்கிறானே, அவன் செய்வதும் அதுதான். கேமரா அவனைக் காட்டாது. அது கிளவுஸைக் காட்டிக்கொண்டிருக்கும்.

நட்பு முக்கியம், ஒப்புக்கொள்கிறோம். முட்டியது போதும் சாமிகளா, அடுத்த பந்தைப் போடவிடுங்கள். மணி பதினொன்றரை ஆகிறது, காலையில் எங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது.