முப்பது மில்லி விழிப்புணர்வு

கழுகின் மேல் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு உள்ள பக்தியை யாரும் சந்தேகிக்க வேண்டாம். ஏதாவது ஒரு கும்பாபிஷேகத்துக்கு வந்து பாருங்கள். கலசத்தில் நீர் விழுகிறதோ இல்லையோ, அத்தனை பேரும் வானத்தை அண்ணாந்தபடி நிற்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியோரம் கிடக்கும் மீன் குடலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த செம்பருந்து ஒன்று தப்பித்தவறி அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும். "கருடன் வந்தாச்சு!" என்று மைக் அலறும். கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பறவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மீன் வாடை வந்த திசைக்கே திரும்பிவிடும்.

இதே மாவட்டத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி முருகனை வணங்கிய இடம் என்கிறது தலபுராணம். சாமியின் பெயரே கழுகாசலமூர்த்திதான். ஒற்றைக் கல்லில் குடைந்த வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள், பங்குனி உத்திரத் தேர் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. பாறுக் கழுகைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கு வரை போய்வர வேண்டும். இதில் நமக்குக் கூச்சமொன்றும் கிடையாது. தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். ஊர் இன்னும் முத்துநகர், சென்னைக்குப் போகும் ரயிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்.

திருக்கழுக்குன்றத்தில் நாள் தவறாமல் உச்சிவேளைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப்போன மஞ்சள்முகப் பாறுகளும் 1990-களின் கடைசியில் வருவதை நிறுத்திக்கொண்டன. ஊரில் பாவம் பெருகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நாடு முழுவதும் பாறுகள் மாண்ட கதையில் பாவம் இருந்தது உண்மைதான். அது புட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கப்பட்டது.

டைக்ளோஃபெனாக். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் பழுதாகும். உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். பறவை கழுத்தைத் தொங்கவிட்டுச் சாகும். நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும், ஏனென்றால் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான் மிஞ்சியது.

காரணம் 2004-லேயே தெரிந்துவிட்டது. 2006-ல் கால்நடை டைக்ளோஃபெனாக்குக்குத் தடை வந்தது. உடனே வியாபாரம் மனிதநேயத்துக்கு மாறியது. புட்டியில் 'மனிதருக்கு' என்று அச்சிட்டு, 30 மில்லி அடைத்து விற்றார்கள். மனிதனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். முப்பது மில்லி தேவைப்படும் அந்த மனிதருக்கு நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் இருந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்து, ஊசிப் புட்டி 3 மில்லிக்கு மேல் கூடாது என்று உத்தரவு போட அரசுக்கு 2015 வரை ஆயிற்று. அதையும் எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின, 2017-ல் தோற்றன. மாட்டுக்குப் போடும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்ற ஆய்வு வந்தது 2010 வாக்கில். அதற்கும், மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்குக்கும் தடை வந்தது 2023-ல். கோப்பு நகர்ந்த வேகத்தில் பாறுகளும் செத்திருந்தால் இன்றைக்கு வானம் நிறைந்திருக்கும்.

ஆனால் விழிப்புணர்வில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை உலகப் பாறு விழிப்புணர்வு நாள். வெயிலில் வரிசையாக நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டை மூக்கு மாட்டிவிட்டு, "காப்போம், காப்போம்" என்று கத்தச் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளில் யாரிடம் மருந்துத் தொழிற்சாலை இருக்கிறது?

என் யோசனை, விழிப்புணர்வு வகுப்பைப் பாறுகளுக்கே நடத்திவிடலாம். கொத்துவதற்கு முன் செத்த மாட்டின் மருந்துச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். புட்டியில் 'மனிதருக்கு' என்று போட்டிருந்தால், தின்பது மாடல்ல, மனிதர் என்று நம்பி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்தில் வலி தெரிந்தால் அடுத்த தடை அரசிதழில் வெளியாகும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இருபது வருடமாக நாம் பாறுகளிடம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அரசியல் மேடையில் ஒருவரை ஒருவர் 'பிணந்தின்னிக் கழுகு' என்று திட்டிக்கொள்கிறார்கள். பாறு பிணத்தைத் தின்றதால்தான் கிராமத்துக் குளம் நாறாமல் இருந்தது, தெருநாய் பெருகாமல் இருந்தது. அது போனதால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருப்பார்கள் என்று 2024-ல் இரண்டு பொருளியல் அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். புட்டி விற்ற லாபக் கணக்கில் இந்த ஐந்து லட்சம் எந்தப் பத்தியில் வருகிறது?

மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது 320 பாறுகள் தேறின. ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடக் காணாது.

எனவே அட்டை மூக்கைப் பிள்ளைகளிடமிருந்து கழற்றிவிடுங்கள். உங்கள் மாட்டுக்கு வலி என்றால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகம் கேளுங்கள். அது பாறுகளைக் கொல்லாது. எந்தக் கடையாவது மூன்று மில்லிக்கு மேற்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசிப் புட்டியை நீட்டினால் பில் கேட்டு வாங்கி, அதோடு மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போங்கள். புகார் கொடுத்ததற்கு ரசீதும் கேளுங்கள்.