சுவரில் ஒரு சுவிட்சர்லாந்து

நம்மவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் போதும், ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் சட்டை போடாத வெள்ளைக்காரர் ஒருவர், வயிற்றில் ஆறு கட்டுகளோடு நின்றுகொண்டிருப்பார். அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம்மவரின் பாஸ்போர்ட் சைஸ் முகத்தை ஒட்டியிருக்கிறது. கழுத்து வரை கலிபோர்னியா, அதற்கு மேல் அம்பத்தூர். இந்தப் படத்தை விழாமல் பிடித்திருக்கும் காந்தம், தெருமுனைப் பிரியாணிக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. கடையின் போன் நம்பர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பசியோடு அங்கே வந்து நிற்கிற மனிதருக்கு இரண்டில் எது முதலில் கண்ணில் படும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இது டிரெய்லர்தான். மெயின் படம் ஹாலில் ஓடுகிறது. தெர்மாகோல் அட்டை, சுற்றிலும் ஜிகினாப் பட்டை, நடுவில் நம்மவரின் எதிர்காலம். இடது மூலையில் ஆல்ப்ஸ் மலை, அடிவாரத்தில் ரொம்பச் சுத்தமான இரண்டு பசுக்கள். கீழே சிவப்புக் கார். வலது பக்கம் பங்களா. நடுவே டாலர் கட்டுகள். ரூபாய் நோட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்தால் போலீஸ் வரும் என்று கடைக்காரர் மிரட்டியதால் டாலர். முதலில் கடற்கரையில் கண்மூடித் தியானம் செய்யும் ஒரு பெண்ணின் படமும் இருந்தது. யார் இது என்று மனைவி கேட்டார். ‘மன அமைதி’ என்றார் நம்மவர். “மன அமைதிக்கு வயசு இருபத்தஞ்சுதான் இருக்கும் போல” என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் அந்த இடத்தில் புத்தர் உட்கார்ந்திருந்தார்.

இதற்குப் பெயர் விஷன் போர்டு. 2006இல் ரோண்டா பைர்ன் என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ‘தி சீக்ரெட்’ என்று ஒரு படம் எடுத்து, அதே பெயரில் புத்தகமும் போட்டார். நினைப்பதெல்லாம் நம்மைத் தேடி வரும் என்ற சங்கதி அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கச் சூடு பிடித்தது. சுற்றிச் சுழன்று அது நம்மவரை வந்தடைந்தது ஒரு நட்சத்திர ஓட்டலின் ஏசி ஹாலில், மதியச் சாப்பாட்டோடு சேர்ந்த ஒருநாள் பயிற்சி வகுப்பில். வேண்டியதைப் படமாக ஒட்டு, காலையும் மாலையும் பார், கிடைத்துவிட்டதாகவே உணர் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மூன்றாவது விஷயத்தில் நம்மவர் மன்னர்.

விடிகாலையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போர்டுக்கு எதிரே போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி ஸ்டியரிங் பிடிப்பார். ஒருநாள் நான் பேப்பர் வாங்கப் போனபோது கியர் மாற்றிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எடுப்பதற்காகத் திரும்பிப் பார்த்தபோதுதான் நான் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

“லைசென்ஸ் எடுத்தாச்சா சார்?” என்று கேட்டேன்.

“வண்டி வரட்டும் சார், எடுத்துக்கலாம்.”

இந்த ஒரு பதிலில் மொத்த நம்மவரும் அடக்கம். சுவிட்சர்லாந்துக்குப் பாஸ்போர்ட்? டிக்கெட் வரட்டும். ஆறு கட்டு வயிற்றுக்கு நடைப்பயிற்சி? ஷூ வரட்டும். ஷூவின் படமும் போர்டில் இருக்கிறது, புத்தரின் காலடியில்.

ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு நம்மவர் முக்கியமான வாடிக்கையாளர். ஜனவரி முதல் வாரம் பென் டிரைவோடு வந்துவிடுவார் என்று கிளாஸி பேப்பரைத் தனியாக எடுத்து வைத்திருப்பான். இந்த வருடம் நான் ஆதார் நகல் எடுக்கப் போனபோது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

“போன வருஷமும் இதே கார்தானே சார்? அந்த மாடல் இப்ப வர்றதில்லையே.”

“பரவால்ல, நீ எடு.”

“லேமினேஷன் போடவா?”

“போடு. அஞ்சு வருஷம் தாங்கணும்.”

பையன் என்னைப் பார்த்தான். அஞ்சு வருடம் தாங்க வேண்டும் என்றால் அதுவரை கார் வராது என்றுதானே அர்த்தம் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. வியாபாரம் தெரிந்த பிள்ளை.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு எதிர்காலத்தைச் சுவரில் மாட்டுவது லேசான காரியமில்லை. ஆணி அடிக்கக் கூடாது என்பது ஹவுஸ் ஓனர் போட்ட முதல் கண்டிஷன். அதனால் டபுள் டேப். டேப் எதிர்காலத்தைத் தாங்கியது. உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. முந்தைய வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழித்துத்தான் கொடுத்தார்கள். சொந்த பங்களா வேண்டும் என்று படம் ஒட்டியதில் வாடகை வீட்டு முன்பணம் கரைந்த கதை இது. நம்மவர் அதை முதலீடு என்கிறார்.

படம் பார்த்து வேண்டிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? கல்யாணமான புதிதில் படுக்கையறைச் சுவரில் கொழுகொழு குழந்தை காலண்டர் மாட்டாத மாமியார் உண்டா? சொந்த வீடு வேண்டிக்கொண்டு சிறுவாபுரி முருகனிடம் ஆறு செவ்வாய்க்கிழமை போய் வருகிறவர்கள் எத்தனை பேர்! கோயில் பக்கம் நாலு கல்லை வீடு மாதிரி அடுக்கிவிட்டு வருகிறார்களே, அதைவிட விஷன் போர்டு எது? ஆனால் அவர் மனைவி சிறுவாபுரி போகலாம் என்றால் நம்மவர் சிரிக்கிறார். அது மூடநம்பிக்கையாம். இவருடையது சயின்ஸ்.

சயின்ஸுக்கு அவர் காட்டும் சாட்சி ஒரு சினிமா நடிகர். ஜிம் கேரி வாய்ப்புத் தேடி அலைந்த காலத்தில், நடிப்புக்கான சம்பளம் என்று எழுதி 1 கோடி டாலருக்குத் தன் பெயருக்கே ஒரு காசோலை போட்டு, 1995 என்று பின்தேதியிட்டு பர்ஸில் வைத்துக்கொண்டார். அந்தத் தேதி வருவதற்குள் அவ்வளவு சம்பளமும் பேசப்பட்டது. உண்மைக் கதைதான், 1997இல் ஓப்ரா வின்ஃப்ரியின் நிகழ்ச்சியில் அவரே சொன்னார். கூடவே, மனத்தில் படம் பார்த்துவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது என்ற பொருளிலும் ஒன்று சொன்னார். நம்மவரின் மொபைலில் உள்ள வீடியோ துண்டு அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

நம்மவரும் தமக்கே 1 கோடி ரூபாய்க்குக் காசோலை எழுதினார். இங்கே ஒரு சிக்கல். 2012 ஏப்ரலில் இருந்து நம் ஊர்க் காசோலை தேதியிட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குத்தான் செல்லும். எனவே காலாண்டுக்கு ஒரு கோடி காலாவதியாகிறது. புதுசு எழுதுகிறார். செக் புக் தீர்ந்துபோய், இன்னொன்றுக்கு வங்கியில் கட்டணம் பிடித்தபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது.

உண்மையான சயின்ஸ்காரர்கள் சொல்வது நம்மவர் காதுக்கு அவ்வளவு இதமாக இருக்காது. கலிபோர்னியாவில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் பரீட்சை எழுதப்போகும் மாணவர்களை வைத்துச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். நல்ல மார்க் வாங்கிவிட்டதாகத் தினமும் மனத்தில் பார்க்கச் சொன்னார்கள் ஒரு கூட்டத்தை. இன்னொரு கூட்டத்தை, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப்போகிறோம் என்று பார்க்கச் சொன்னார்கள். படிப்பதைப் பார்த்தவர்கள்தான் கூடுதல் மார்க் வாங்கினார்கள். மார்க்கைப் பார்த்தவர்கள் படித்ததே குறைவு. காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளரும் ஹெதர் காப்பஸும் 2011இல் இன்னும் ஒரு படி மேலே போய் ரத்த அழுத்தத்தையே அளந்து பார்த்தார்கள். எல்லாம் கைகூடிவிட்டதாகக் கனவு காண்கிறவர்களுக்கு அது இறங்குகிறது. உடம்பு, வேலை முடிந்தது என்று ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. இதைச் சொன்னபோது நம்மவர் குதூகலமானார். “டாக்டரும் போன தடவை பிபி நார்மல்னுதான் சொன்னார் சார்!”

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் டீக்கடையில் அவர் நம்மவரைப் பிடித்துக்கொண்டார். அம்பத்தூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர். அந்த ஊர்க்காரர் பூசலார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை, கேட்ட இடத்திலும் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். அதே சமயம் காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்து முடித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கை வேறு நாளுக்கு வைத்துக்கொள் என்றாராம்.

நம்மவர் துள்ளி எழுந்தார். “அதைத்தான் சார் நானும் சொல்றேன்! விஷுவலைசேஷன்!”

“உட்காருங்க தம்பி. சேக்கிழார் எப்படிச் சொல்றார் பாருங்க. பூசலார் நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். ராத்திரிகூடத் தூங்காமல் வேலை பார்த்தார். விமானம் எழுப்பினார், சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் கட்டினார், குளம் எடுத்தார். கடைசியிலதான் கும்பாபிஷேகம். நீங்க நேரா கும்பாபிஷேகப் பந்தியில போய் இலை போட்டு உட்கார்ந்துட்டீங்களே?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நம்மவரும் சிரித்தார், அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மறுவாரம் போர்டில் திருநின்றவூர்க் கோபுரம் ஏறியிருந்தது, லேமினேஷனோடு.

அந்த வீட்டில் இன்னொரு போர்டும் உண்டு. அதை யாரும் போர்டு என்று சொல்வதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மளிகைக் கடை மாதக் காலண்டர். சிலிண்டர் மாற்றிய தேதியில் ‘சி’, கூடுதல் பால் பாக்கெட் வாங்கிய நாளில் ‘பா’, ஐந்தாம் தேதிதோறும் ‘சீ’. கடைசி எழுத்து சீட்டைக் குறிக்கும். மாதம் ஆயிரம், இருபது மாதம். தள்ளு போகக் கூடாது என்று அவசரப்படாமல் இருந்து, கடைசிச் சீட்டை முழுசாக எடுத்தார் நம்மவர் மனைவி. வாஷிங் மிஷின் வந்தது. எந்தப் படத்தையும் அவர் எங்கேயும் ஒட்டி வைத்திருக்கவில்லை.

மிஷினுக்குக் குங்குமப் பொட்டு வைத்த அன்று எனக்கும் ஸ்வீட் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நம்மவர் என் கையைப் பிடித்து நேரே ஹாலுக்கு இழுத்துப் போனார். போர்டில் இருந்த பங்களாவின் பின்புறத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“நல்லாப் பாருங்க சார். இந்தப் பின்பக்க வராந்தாவுல வெள்ளையா நிக்குது பாருங்க. அது என்ன? வாஷிங் மிஷின்! நாலு வருஷமா இதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன், எனக்கே தெரியலை. ஆழ்மனசு சார்! போர்டு வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு!”

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“அதுக்குப் பக்கத்துல கொடியில துணி காயுதே, அதுவும் தெரியுதா?”

“தெரியுதே!”

“அதை அந்த வீட்டுக்காரங்க எடுத்துப்பாங்க. நம்ம துணி மாடியில கெடக்கு. தூறல் விழுது, போய் எடுத்துட்டு வாங்க.”