கூட வரும் விவரஸ்தர்

பழைய சாமான் வாங்கக் கிளம்புகிறவனைத் தெரு தனியாகப் போக விடாது. சேதி காதில் விழுந்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் ஒருவர் எல்லாத் தெருவிலும் உண்டு. பைக், ஃபிரிட்ஜ், கிரைண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, எதுவானாலும் அவருக்கு அத்துப்படி. விவரஸ்தர் என்பது அவர் பட்டப்பெயர். அவர் வீட்டில் பழைய பொருள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பில்லோடு வாங்கிய புதுசு.

இந்த முறை அவரிடம் சிக்கியது மர ரூட்டர். பலகையில் பள்ளம் பறிக்கவும் விளிம்பை உருட்டவும் ஆசாரிகள் வைத்திருக்கிறார்களே, அந்த மெஷின். வாங்கப்போவது மாடி வீட்டுத் தம்பி. வீடியோ பார்த்துப் பார்த்துப் புத்தக அலமாரி செய்யும் ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பினான். வண்டியில் பின்சீட் காலியாக இருந்தது. அப்புறம் இல்லை.

விவரஸ்தர் சந்தையில் நடக்கும் நடையே தனி. வேண்டிய பொருளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ரூட்டர் கிடந்த தார்பாயைத் தாண்டிப் போனார், பக்கத்துக் கடையில் மிக்ஸி ஜாடி ஒன்றை விலை கேட்டார், பிறகுதான் போனால் போகிறது என்ற முகத்தோடு திரும்பினார்.

“இது எத்தனாவது ஓனர்?”

“சார், இது மெஷினு. வண்டி இல்ல.”

“அதான் கேக்கறேன். ஆசாரி கை பட்டதா, வீட்டுக்காரன் கை பட்டதா?”

கடைக்காரர் சிரித்தார். ஆனால் அது சரியான கேள்வி. தினமும் மைக்கா விளிம்பு சீவிய மெஷினும், இரண்டு முறை ஓடிப் பரணில் தூங்கிய மெஷினும் ஒன்றாகுமா? விவரஸ்தரிடம் இதுதான் சங்கடம். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும்; எந்தப் பாதி என்பது அவருக்கே தெரியாது.

ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். சரி. டீக்கடை பிளக்கில் செருகி ஓடவிட்டு, பேரிங் கரகரக்கிறதா என்று காது கொடுத்தார். அதுவும் சரி. கார்பன் பிரஷ் பக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அங்கே சின்னப் பொறி சகஜம். நெருப்பு வளையமாகச் சுற்றினாலோ, வார்னிஷ் கருகும் வாசனை வந்தாலோ மெஷினைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். பிரஷ்ஷையும் பேரிங்கையும் மாற்றிக்கொள்ளலாம், ஆர்மேச்சர் போனால் செலவு வேறு ரகம். இதையெல்லாம் மூச்சு விடாமல் அவர் சொல்லச் சொல்ல விலை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தேய்த்து, “உரியல. ஒரிஜினல்” என்று தீர்ப்பளித்தார். ஸ்டிக்கரில் இருந்த ஜப்பான் பெயரில் ஓர் எழுத்து அதிகம்.

காலெட்டை மட்டும் அவர் பார்க்கவில்லை. மரத்தைச் சீவும் பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிப்பது அதுதான். இந்தச் சின்ன ரகம் நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றக்கூடியது. அந்த வேகத்தில் பிட்டுக்கும் நம் முகத்துக்கும் நடுவே இருக்கிற ஒரே உத்தரவாதம் விரல் நுனி அளவு இரும்பு வளையம்.

அதற்குள் விவரஸ்தர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். “அந்த பிட் பாக்ஸையும் சேத்துக் குடுப்பா.” மரப்பெட்டி, உள்ளே வரிசையாகச் சிவப்புப் பெயின்ட் அடித்த பன்னிரண்டு பிட்டுகள். தம்பி சொக்கிப் போனான். வீட்டுக்கு வந்து செருகினால் ஒன்றும் நுழையவில்லை. காலெட் 6 மி.மீ., பிட்டுகள் கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ.

“சுத்தியால ரெண்டு தட்டுனா இறங்கிடும்” என்றார் விவரஸ்தர். “ஒருவேளை லூசா இருந்தா ஒரு சுத்து டேப் போட்டுக்கலாம்.”

நல்லவேளை, கீழ்வீட்டில் கபோர்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி மேலே வந்தார். முதல் காரியமாக பிளக்கைப் பிடுங்கினார். காலெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே பழுப்புக் கோடுகள். பிட் வழுக்கிச் சுற்றிய தடம். “இது தேஞ்சிருக்கு. காலெட்ட மட்டும் புதுசா வாங்கிப் போடுங்க, மெஷின் நல்லாத்தான் இருக்கு.” பிறகு ஒவ்வொரு பிட்டின் வெட்டு முனையிலும் நகத்தை ஓட்டினார். எங்கெல்லாம் நகம் மாட்டியதோ அங்கெல்லாம் கார்பைடு முனை சில்லு பெயர்ந்திருந்தது. தடித்த பிட்டுகளை எடுத்துத் தனியே வைத்தார். அவை வேகத்தைக் குறைக்க வசதியுள்ள பெரிய மெஷினுக்கு. இதில் போட்டால் ஆபத்து.

“பன்னெண்டுல உங்களுக்கு வேண்டியது ரெண்டு, தம்பி. அந்த ரெண்டும் இதுல நுழையாது.”

அவருடைய பையில் இருந்தவை மொத்தம் மூன்றே பிட்டுகள், துணியில் சுற்றியபடி: நேர் பள்ளம் பறிக்க ஒன்று, விளிம்பைச் சமமாகச் சீவப் பேரிங் வைத்தது ஒன்று, முனை உருட்ட ஒன்று. மூன்றிலும் கார்பைடு முனை. பிளைவுட்டில் இருக்கும் பசை சாதா எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்றார். அலமாரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

விவரஸ்தர் முகத்தில் வாட்டமே இல்லை. “காலெட் வாங்கப் போறப்ப சொல்லு தம்பி, நானும் வரேன்” என்றார்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். பேரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் உங்கள் மெஷின் அளவுக்குப் புது பிட் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவர் பக்கத்துக் கடையில் ஜாடி விலை கேட்கும் நேரத்தில் அதைக் காலெட்டில் பொருத்தி, நட்டை இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். பிட் ஆடினால் காலெட்டின் விலையைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.